அறையில் இருந்த எட்டுப் பேர்

ஆட்சேபப் படிவத்தின் பதின்மூன்று கேள்விகளுக்கு வெர்னா டகெட் காபி ஆறுவதற்குள் பதில் எழுதி முடித்துவிட்டாள். பதினான்காவது கேள்விதான் அவளை நான்கு நாளாகச் சமையலறை மேசையை விட்டு எழவிடாமல் வைத்திருந்தது.

கேள்வி இதுதான்: "இப்பாடலின் சொற்கள் எழுதப்பட்டதைக் கண்ணால் கண்டவரும், இப்பாடலின் ஆசிரியர்களுள் ஒருவர் அல்லாதவருமான ஒரு சாட்சியின் பெயரைக் குறிப்பிடுக."

பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று தோன்றும். அது ஏன் முடியாது என்று புரிய வேண்டுமானால், நாஷ்வில் நகரத்தில் பாட்டு எப்படி எழுதப்படுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே பாட்டு எழுதுவது பல் மருத்துவரிடம் போவதைப் போன்றது. நேரம் குறித்துக்கொண்டுதான் போக வேண்டும். காலை பத்தரை மணிக்கு ஒரு அறை. அறையில் இரண்டு பேர், சில நாள் மூன்று பேர். முதல் ஒரு மணி நேரம் யார் வீட்டில் யாருக்கு விவாகரத்து என்று பேசுவார்கள். இது வெட்டிப்பேச்சு இல்லை, சரக்கு இறக்குவது. பிறகு ஒருவர் ஒரு வரி சொல்வார். மற்றவர் அதைக் கெடுப்பார். மூன்றாமவர் கெட்டதைத் திருத்துவார். சாப்பாட்டு நேரத்துக்குள் பாட்டு முடிந்துவிடும். முடிந்ததும் அறையில் இருந்த எல்லாருடைய பெயரும் சமமாகப் பாட்டின் மேல் ஏறும். யார் எந்த வரி சொன்னார் என்று கேட்கக் கூடாது. கேட்பவரை அடுத்த வாரம் யாரும் அறைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

இந்த வழக்கம் கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. வரிக்கு வரி கணக்கு வைத்தால், அசட்டு வரியைச் சொல்ல எவருக்கும் வாய் வராது. அசட்டு வரி விழாமல் நல்ல வரி எழாது. வெர்னாவே இந்த வழக்கத்தால் வளர்ந்தவள்தான். காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் முப்பத்தைந்தாம் வயதில் முதல்முதலாக ஓர் அறைக்குள் போனபோது, பயத்தில் மூன்று மணி நேரமும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவள் பெயரையும் எழுதினார்கள். "நான் ஒண்ணுமே சொல்லலையே" என்றாள். பியானோவை மூடிக்கொண்டிருந்த ஒல்லியான ஆள், "நீ தலையாட்டின இடத்துல நிறுத்தினோம், ஆட்டாத இடத்துல மாத்தினோம். அது போதாதா?" என்றான். அவன்தான் லைல் ஹாம்ரிக். அன்றைக்கு ஆரம்பித்து இருபத்தாறு வருடம்: மெட்டு அவன், சொல் இவள். பத்தொன்பது பாட்டு நாடு முழுக்கப் போயிற்று. கல்யாணங்களில் பாடினார்கள். சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு எடுக்கும்போது காதில் விழுந்தது.

இருபதாவது பாட்டில்தான் வினை.

வெர்னாவின் கணவர் ரஸ் போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் இறந்துபோனார். அவருடைய சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் லைல் ஒருவன். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், முன்பக்க இடது மூலையைப் பிடித்தான். ரஸ்ஸின் கட்டம் போட்ட சட்டை சமையலறை நாற்காலியின் முதுகில் கிடந்தது. வெர்னா அதைத் துவைக்கவில்லை, மடிக்கவில்லை. அந்த நாற்காலியில் எவரையும் உட்காரவிடவுமில்லை. ஒரு நாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தனியாக, நோட்டில் இரண்டு சரணமும் பல்லவியும் எழுதினாள். "உன் சட்டை இன்னும் நாற்காலியில்தான்; துவைத்தால் நீ போய்விடுவாய்" என்று பல்லவி. கடைசி வரி மட்டும் வரவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு லைலிடம் போனாள்.

அன்று அறை கொஞ்சம் நெரிசல். இருபத்திரண்டு வயதுப் பாடகி கார்லி வெஸ்ட் தனக்குப் பாட்டு வேண்டும் என்று வந்திருந்தாள். அவளோடு அவளுடைய மேலாளர், வக்கீல், முடி அலங்காரம் செய்பவள், பிஸ்கட் என்கிற நாய். ஏசி சத்தம் போட்டதால் அதை நிறுத்துவதற்கு மேலாளரின் மச்சான் வந்தார். பதினொன்று இருபத்தைந்துக்கு சாண்ட்விச் கொண்டுவந்தவர் கதவைத் தட்டினார். வெர்னாவைச் சேர்த்து எண்ணினால் நாயோடு ஒன்பது.

"வெர்னா, என் வண்டிய சரக்கு இறக்கற இடத்துல விட்டுட்டேன். இழுத்துட்டுப் போயிடுவானுங்க. இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நான் படி இறங்கறதுக்குள்ள விடிஞ்சுடும். நீ கொஞ்சம் தள்ளி விட்டுட்டு வாயேன்" என்றான் லைல், சாவியை நீட்டி.

அவள் கதவருகே இருந்த பதிவேட்டில் "வெளியே 11:29" என்று எழுதிவிட்டுப் போனாள். திரும்பி வந்து "உள்ளே 11:50" என்று எழுதினாள். அந்த இருபத்தொரு நிமிடத்தைத்தான் இப்போது அமெரிக்கப் பாடல்சொல் காப்புப் பேரவை அவளுடைய வாழ்க்கையிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டது.

*

பேரவை என்பது பித்தளைப் பலகைகள் நிறைந்த ஒரு மாளிகை. நாட்டின் அழியாத பாடல்களை முழுச் சொற்களோடும் ஆசிரியர் பெயரோடும் செதுக்கிச் சுவரில் பதிப்பது அதன் வேலை. நாற்காலிப் பாட்டு தேர்வாகியிருந்தது. கடிதத்தில் ஆசிரியர் பட்டியல் இருந்தது. வெர்னா எண்ணிப் பார்த்தாள். எட்டு. எட்டாவது பெயர் பிஸ்கட். அவள் பெயர் இல்லை.

பாட்டுக்கு வரும் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் அலுவலகம் வேறு. அங்கே அவள் பெயர் பத்திரமாகத்தான் இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பேரவைக்குப் போனாள். செயலாளர் பிரெஸ்காட் விண்டம் அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வெறும் பணம் மேடம். நாங்க பாக்கறது உண்மைய."

"உண்மைன்னா, அந்தச் சொல்லெல்லாம் நான் எழுதினது."

"பாருங்க, ஒரு பாட்டை யார் எழுதினாங்கன்னு கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம். நூறு வருஷமா சண்ட. அதனால நாங்க அதப் பாக்கறதையே விட்டுட்டோம். யார் இருந்தாங்கன்னு மட்டும் பாக்கறோம். இருக்கறத எண்ணலாம், எழுதறத எண்ண முடியாதில்லையா?" விண்டம் விதிப் புத்தகத்தைப் பாசத்தோடு தடவினார். "விதி ரெண்டு: கடைசிச் சொல் எழுதப்படும்போது அறையில இருக்கறவங்கதான் ஆசிரியர்கள். வேற யாரும் இல்ல. பதிவேட்டுல லைல் ஹாம்ரிக் 'பாட்டு முடிந்தது, 11:38'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்க 11:29க்குப் போயிட்டீங்க."

"சாண்ட்விச் வந்துடுச்சு. பாட்டு முடியாம அறையில சாப்பிடக் கூடாதுன்னு ஒரு வழக்கம். அதுக்காக 'ஓ ஓ ஓ'ன்னு போட்டு முடிச்சானுங்க. கடைசி வரிய நான்தான் அப்புறமா ஒரு தாள்ல எழுதிக் கொண்டுவந்து லைல்கிட்ட குடுத்தேன். மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடியே வீட்டுல எழுதினது. நோட்டு இருக்கு."

"எழுதும்போது வீட்டுல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

விண்டம் வருத்தத்தோடு தலையசைத்தார். "அப்படின்னா அது பாட்டு இல்ல மேடம், குறிப்பு. தனியா உக்காந்து எழுதறத எல்லாம் பாட்டுன்னு ஒத்துக்கிட்டா, யார் வேணா எழுதிடுவாங்களே."

"அறைன்னா என்னங்க? நாலு சுவரா?"

"நல்ல கேள்வி!" அவர் முகம் மலர்ந்தது. "முன்னாடி அப்படித்தான் இருந்துச்சு. எங்க தலைவர் ஒரு பாட்ட மீன்பிடிப் படகுல எழுதினார். அவரப் பலகைல போட முடியல. உடனே விதி மூணத் திருத்தினோம். 'சொற்கள் எழுதப்படும் இடமே அறை, சுவர் கட்டாயமில்லை.' படகோட்டியும் ஆசிரியர் ஆனார். தூண்டில்ல மாட்டியிருந்த கெளுத்தி மீனப் பத்தி மூணு மாசம் விவாதம் நடந்துச்சு. மீன் படகுக்கு வெளியில இருந்ததால ஆசிரியர் இல்லன்னு தீர்ப்பு. ரொம்ப நேர்மையான தீர்ப்பு."

"இந்தப் பதினாலாவது கேள்விக்கு அறையில இருந்தவங்களையே சாட்சி போடலாமா?"

"கூடாது. அவங்க ஆசிரியர்கள். தன் பாட்டுக்குத் தானே சாட்சி சொன்னா சுயவிளம்பரம் ஆயிடும்."

"அப்ப அறையில இல்லாதவங்க?"

"அவங்க எப்படி மேடம் பாத்திருப்பாங்க?" என்றார் விண்டம், தான் செய்த பூட்டை ஆட்டிக் காட்டும் கொல்லரின் பெருமிதத்தோடு. "இதுவரைக்கும் ஒருத்தரும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதினது கிடையாது. அவ்வளவு கச்சிதமான கேள்வி."

*

லைல் அவளை வழக்கமான உணவு விடுதியிலேயே சந்தித்தான். காரக்கோழி, சோளரொட்டி, குடம் குடமாய்ச் சர்க்கரைத் தேநீர். அவன் வழக்கம்போலத் தன் ஊறுகாய்த் துண்டுகளை அவள் தட்டுக்குத் தள்ளினான். இருபத்தாறு வருடப் பழக்கம்; அவனுக்குப் பிடிக்காது, அவளுக்குப் பிடிக்கும். இன்று அவள் அதைத் தொடவில்லை.

"நான் பொய் சொல்லல வெர்னா. ஃபாரத்துல கேட்டிருந்தாங்க, 'பாட்டு முடிஞ்சப்ப வெர்னா டகெட் அறையில இருந்தாரா'ன்னு. நீ இல்ல. இல்லன்னு போட்டேன்."

"நான் எதுக்கு வெளியில போனேன், லைல்?"

"அத அவங்க கேக்கல."

கோழியிலிருந்து எண்ணெய் ரொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"பலகைல எட்டுப் பேருக்குத்தான் இடம். யாரத் தூக்கச் சொல்ற? கார்லியவா? அவ பாடலன்னா பாட்டே இல்ல. வக்கீலத் தூக்கினா வழக்குப் போடுவான். நாயத் தூக்கலாம்னா அதுக்கு நாலு லட்சம் ரசிகருங்க. நீயேதான அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே பதிவேட்டுல கையெழுத்துக்காக அதோட காலப் பிடிச்சு மையில தோச்ச?"

அது உண்மை. அவள்தான் தோய்த்தாள். அன்றைக்கு எல்லாருமே சிரித்தார்கள்.

"உன்னத் தூக்கலாமே" என்றாள்.

"ஏய், எனக்கு அறுபத்தேழு ஆச்சு வெர்னா. பத்தொம்பது பாட்டு எழுதியும் சுவர்ல ஏறல. இது ஒண்ணுதான் ஏறப்போகுது. உனக்கென்ன, உனக்கு அந்தச் சட்டையே இருக்கு."

இதைச் சொன்ன மறு நொடியே அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். அவசரமாகத் தேநீரை எடுத்தான். வெர்னா எழுந்து தன் சாப்பாட்டுக்கு மட்டும் காசை வைத்துவிட்டு வெளியே வந்தாள். வாசலில் அவனுடைய வண்டி மறுபடியும் நிறுத்தக் கூடாத இடத்தில்தான் நின்றது. பழக்கதோஷத்தில் கை சாவிக்கு நீண்டது. பிறகு சும்மா நடந்தாள்.

*

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒத்திகை. ஆட்சேபம் தெரிவித்தவர்களும் வந்து பார்க்கலாம், கடைசி வரிசையில் உட்கார்ந்து, என்று பேரவையின் விதி அனுமதித்தது. வெர்னா போய் உட்கார்ந்தாள்.

எட்டு ஆசிரியர்களும் மேடையில் வரிசையாக நின்றார்கள். பிஸ்கட்டுக்கு மட்டும் வெல்வெட் மெத்தை. ஒவ்வொருவரும் பாட்டு பிறந்த கதையை ஒரு நிமிடம் சொல்ல வேண்டும்.

"என் சொந்த வாழ்க்கைலேர்ந்து வந்த பாட்டு இது" என்றாள் கார்லி. "ஒரு பழைய காதலன். அவன் சட்டை... நாற்காலி... ஒரு நாலு நாள் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"நான்தான் ஏசிய நிறுத்தினேன்" என்றார் மேலாளரின் மச்சான், குரல் தழுதழுக்க. "அந்த அமைதிலதான் இது பொறந்துச்சு."

சாண்ட்விச் கொண்டுவந்தவர் தொப்பியைக் கழற்றினார். "மயோனைஸ் வேணுமான்னு கேட்டேன். யாரும் பதில் சொல்லல. அந்த வலி ரெண்டாம் சரணத்துல இருக்கு."

"அருமை!" என்றார் விண்டம். "எங்க, அந்த ரெண்டாம் சரணத்த எல்லாரும் சேர்ந்து ஒரு தடவ சொல்லுங்க."

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீல் உதட்டை மட்டும் அசைத்தார். கார்லி, எதிரே ஓடும் எழுத்துத் திரை இல்லாமல் தனக்கு வராது என்றாள். லைல் மெட்டை முனகினான், சொல் வரவில்லை. நாய் கொட்டாவி விட்டது. எட்டுப் பேரில் அது ஒன்றுதான் நேர்மையாக நடந்துகொண்டது.

கடைசி வரிசையிலிருந்து வெர்னா சொன்னாள், குரலை உயர்த்தாமல், நான்கு வரியும். ரஸ்ஸின் மூக்குக்கண்ணாடி சட்டைப் பையிலேயே இருப்பதைப் பற்றிய சரணம் அது.

"நன்றி மேடம்" என்றார் விண்டம் உருக்கமாக. "ரசிகர்கள்தான் எங்க பலம்."

ஒத்திகை முடிந்து எல்லாரும் கேக் சாப்பிடப் போனார்கள். வெர்னா வெளியேறும் வழியில் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஒரு சின்ன மஞ்சள் தாள். தாளில் பென்சில் எழுத்து: "உட்காராதீர்கள், இங்கே ஆள் இருக்கிறது." பாட்டின் கடைசி வரி. அவளுடைய கையெழுத்து; எழுத்துகளின் வால் இடப்பக்கம் சாய்வதை ரஸ் முப்பது வருடம் கேலி செய்திருக்கிறார். கீழே பித்தளையில் பொறித்திருந்தது: "கடைசி வரி. லைல் ஹாம்ரிக் அறையில் தன் கைப்பட எழுதியது, 11:38. அவரது அன்பளிப்பு."

ஃபாரத்தில் கேட்காததை அவன் சொல்லாமல் விட்டான் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இதை யாரும் கேட்கவே இல்லை. தானாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

விண்டம் கேக் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"இது என் கையெழுத்து" என்றாள் வெர்னா.

"இருக்கலாம் மேடம். கையெழுத்து, பென்சிலப் பிடிச்சது யார்னுதான் காட்டும். எழுதினது யார்னு காட்டாதே."

வெர்னா அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சளில் இந்த ஊரில் ஒரே ஒரு விதமான தாள்தான் அச்சாகிறது. மெல்ல, அந்த இருபத்தொரு நிமிடமும் அவளிடம் திரும்பி வந்தது: சாவியைத் திருப்பினாள், வண்டி கிளம்பவில்லை, இரண்டு தெரு தள்ளி இருந்த மணிக்கூண்டு தெரிந்தது, வண்டிக் கண்ணாடிக்கு வெளியே நீலச் சட்டை போட்ட ஒரு பெண் குனிந்து...

"இந்தப் பொருளோட நகல் கிடைக்குமா?"

"தாராளமா! கொடையா வந்த எதையும் ரெண்டு பக்கமும் படம் எடுத்து, பேரவை முத்திரை போட்டுத்தான் வைப்போம். எங்க ஒழுங்கு அப்படி" என்றார் விண்டம்.

*

டெலோரிஸ் மேபின் நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டிகளுக்கு அபராதம் போடுபவள். பதினேழு வருட அனுபவம். அந்த மஞ்சள் அபராதச் சீட்டின் முன்பக்கத்தில் இருந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க அரை நாள்தான் ஆயிற்று. வெர்னா போனபோது பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன மறப்பேனா கண்ணு? அபராதம் போட்டா திட்டுவாங்க, அழுவாங்க. நீ ஒருத்திதான் சீட்ட வாங்கித் திருப்பி, பென்சில் எடுத்து எழுத ஆரம்பிச்ச. புகார்தான் எழுதறேன்னு நினைச்சேன்."

"நீ என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா?"

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். 'வண்டியில ஆள் இருக்கா?' ஆள் இருந்தா சீட்டுல ஒரு கட்டம் நிரப்பணும். நீ 'ஆள் இருக்கு'ன்ன. அப்புறம் ஒரு மாதிரி ஆயிட்ட. அப்பத்தான் எழுதின."

வெர்னா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்ப அந்த வரி பாதி உன்னோடது. உன் பேரையும் போடலாம்" என்றாள். சும்மா சொல்லவில்லை, அந்தப் பழைய வழக்கம் அவளுக்குள் இன்னும் உயிரோடுதான் இருந்தது.

டெலோரிஸ் சிரித்தாள். "வேணாம்மா. நான் வண்டிக்குள்ள மூக்கக்கூட விடல. எங்க வேலைல அது முதல் விதி. உடம்போட எந்தப் பாகமும் வண்டிக்குள்ள போகக் கூடாது. போனா எனக்கே சீட்டுக் கிழிச்சுடுவாங்க. வெளியில நின்னு பாத்தேன், அவ்வளவுதான்."

"அதத்தான் நீ எழுதிக் குடுக்கணும்" என்றாள் வெர்னா.

*

பேரவை தன் விதியை மீறாத அமைப்பு. வெர்னாவின் படிவம் போய்ச் சேர்ந்த அன்றே லைலுக்கு ஒரே ஒரு கேள்வியோடு தாள் போயிற்று. சாயங்காலம் அவன் ஃபோன் செய்தான்.

"வெர்னா, இது என்ன கூத்து? விழாவ நிறுத்திட்டாங்க. என் பேரையும் எடுக்கறாங்களாம்! அந்த மெட்டு என்னோடது."

"அது சொல் பேரவை லைல். மெட்டப் பத்தி அவங்க கேக்கல."

"அந்த வண்டியாவது என்னோடதுதான?"

"ஆமா. வண்டி உன்னோடதுதான். ஆனா ஃபாரத்துல கேட்டிருக்கறது, 'அப்ப நீ அதுல இருந்தியா'ன்னு."

மறுமுனையில் அவன் மூச்சு கேட்டது. இருபத்தாறு வருடம் அந்த மூச்சைக் கேட்டு, அவன் எந்த இடத்தில் வரியை முடிப்பான் என்று அவளால் சொல்ல முடியும். இந்த முறை அவனுக்கு வரி வரவில்லை. அவள் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

ஃபோனை வைத்துவிட்டு, மேசை மேலிருந்த படிவத்தின் நகலை எடுத்துக்கொண்டு சட்டை கிடந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். யாராலும் பதில் எழுத முடியாத அந்தப் பதினான்காம் கேள்விக்கு அவள் எழுதியிருந்த பதில் இதுதான்:

சாட்சி, டெலோரிஸ் மேபின், அபராத அலுவலர். வண்டிக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தவர், எனவே ஆசிரியர் அல்லர். கடைசி வரி எழுதப்பட்ட தாள் அபராதச் சீட்டு. முன்பக்கத்தில் நேரம் 11:41, எனவே 11:38க்கு அந்தத் தாளே இல்லை. சொற்கள் எழுதப்படும் இடமே அறை, எனவே அறை லைல் ஹாம்ரிக்கின் வண்டி. அறையில் இருந்தவர்கள், சீட்டின் ஏழாவது கட்டத்தில் உள்ளபடி: ஆள் இருக்கிறது, ஒருவர்.